ஃப்ளைட் ஏறுமுன் ஒரு மலை ஏறுங்க!

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை ஏரியாக்களிலிருந்து மாஸ்டர்ஸ் படிக்கக் கிளம்புகிற கூட்டத்தில் ஸ்காட்லாந்து போகிறவர்களும் உண்டு. எடின்பரோவில் இறங்கி, ரூம் பிடித்து, ரைஸ் குக்கர் வாங்கியாச்சா? அடுத்த வேலை 'ஆர்தர்ஸ் சீட்' ஏறுவது! ஊருக்குள்ளேயே நிற்கிற 251 மீட்டர் மலை. டிக்கெட் கிடையாது. உச்சியில் நின்றால் கீழே பழைய கோட்டை, அரண்மனை, 1583-ல் தொடங்கிய பல்கலைக்கழகம், அந்தப் பக்கம் கடல். காற்று ஆளையே தள்ளும். அன்னைக்கு ராத்திரியே அம்மாவுக்கு போட்டோ வந்துடும்!

சூப்பர்தான். ஆனா அந்த மலைக்குப் பேர் வந்தது வியூவால் மட்டும் இல்லை. அது அணைந்துபோன எரிமலை; வயசு சுமார் 34 கோடி வருஷம். அதை ஒட்டிய பாறைச் சரிவை 18-ம் நூற்றாண்டில் ஜேம்ஸ் ஹட்டன் உற்றுப் பார்த்தார். உருகிய குழம்பு பழைய பாறைக்குள் புகுந்து இறுகிய தடம் அங்கே தெரிந்தது. பூமிக்கு வயசு சில ஆயிரம் வருஷம்தான் என்று பலரும் நம்பிய காலத்தில், அது கணக்கில் அடங்காத பழசு என்று வாதாடியவர் அவர். நவீன நிலவியலுக்கு அஸ்திவாரம் போட்ட பாறைகளில் அதுவும் ஒன்று.

சரி, நம்ம ஊர் மலைக்கு என்ன குறைச்சல்? தாம்பரத்தில் பீச் டிரெயின் ஏறுங்க. பல்லாவரம், திரிசூலம் தாண்டும்போது ஜன்னல் வழியா மலை தெரியும். ஏழாவது ஸ்டேஷன் பரங்கிமலை. மலை சுமார் 300 அடிதான். ஏறுகிற படிகள் 18-ம் நூற்றாண்டில் பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர் கட்டித் தந்தவை. மேலே போர்த்துக்கீசியர் 1523-ல் எழுப்பிய தேவாலயம். கீழே ஏர்போர்ட் ரன்வே... நீங்க நாளைக்குப் பறக்கப்போற அதே ரன்வே!

அங்கே நின்று தெற்கே, பெரும்பாக்கம் திசையைப் பாருங்க. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் தன் ஆட்களோடு 100 அடி எஃகுச் சங்கிலியை வைத்து, இந்த மலைப் பக்கத்திலிருந்து அந்தத் திசையில் ஏழரை மைல் அளந்தார். வெயிலில் சங்கிலி நீளும் என்பதால் மேலே கூடாரம் போட்டு, வெப்பநிலையைக் குறித்துக்கொண்டே அளந்தார்கள். ஒரே ஒரு கோடு. அதன்மேல் முக்கோணம் முக்கோணமாக வளர்ந்த சர்வேதான் இமயமலை வரை போய், 1856-ல் எவரெஸ்ட்டின் உயரம் 29,002 அடி என்று அறிவித்தது.

அடுத்து பல்லாவரம். 1863 மே 30 அன்று அங்கே ஒரு குழியில் ராபர்ட் புரூஸ் ஃபூட் கையில் எடுத்தது கற்காலக் கைக்கோடரி. இந்தியாவின் தொல்பழங்காலத்தைத் தேடும் ஆராய்ச்சிக்கு அதுதான் பிள்ளையார் சுழி!

கடைசியா, காலடியில் இருக்கிற பாறை. பேர் சார்னோகைட். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறையில் இதே ரகக் கல் இருந்ததால் 1893-ல் தாமஸ் ஹாலண்ட் வைத்த பேர். ஆனா உலகத்துக்கே மாதிரிப் பாறை நம்ம பரங்கிமலை, பல்லாவரம் பாறைதான். வயசு சுமார் 250 கோடி வருஷம். எடின்பரோ எரிமலை இதுக்குக் கொள்ளுப்பேரன்கூட ஆகாது!

இவ்வளவு இருந்தும் என்ன நடந்தது? ஆர்தர்ஸ் சீட் பக்கத்துப் பாறையையும் ஒரு காலத்தில் தெருவுக்குக் கல் போட வெட்டினாங்க. ஊரே எதிர்த்தது, 19-ம் நூற்றாண்டிலேயே நிறுத்தப்பட்டது. தினமும் கண்ணால் பார்த்த மலை, காலால் ஏறிய மலை, அதனால் விட மனசில்லை. நம்ம பக்கம் திரிசூலம், பல்லாவரம் மலைகளை ஜல்லிக்காக வெடி வைத்து உடைத்தபோது பெரும்பாலோருக்கு அது வெறும் கல். நம்ம வீட்டு கான்கிரீட்டிலேயே அதில் கொஞ்சம் இருக்கலாம். மிச்சம் இருப்பது பள்ளங்களும் தண்ணி நிற்கிற கல்குட்டைகளும். 250 கோடி வருஷப் பாறை லாரி ஏறிப் போனால் ரிட்டர்ன் டிக்கெட் கிடையாது பாஸ்.

மிச்ச மலையையாவது ஏறித் தெரிஞ்சுக்கணும். பிடிச்சுப்போன மலையை யாரும் சும்மா விட்டுத்தர மாட்டாங்க. இன்னொரு கணக்கும் இருக்கு. 1837-ல் சென்னைக்கு வந்து ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்த ஜான் ஆண்டர்சன், எடின்பரோவில் படித்த ஸ்காட்லாந்துக்காரர். அந்தப் பள்ளிதான் வளர்ந்து, 1937-ல் தாம்பரத்துக்குக் குடிவந்த கிறிஸ்தவக் கல்லூரி. அவங்க ஊர் ஆள் அன்னைக்கே இங்கே வந்து பார்த்துட்டார். நாம?

விசா வர லேட்டாகும் ஏதாவது ஒரு ஞாயிறு காலை, வெயில் ஏறுவதற்குள் போயிட்டு வாங்க. தண்ணி பாட்டில் எடுத்துக்குங்க. அது தேவாலயம், சத்தம் போடாதீங்க. திரும்பும்போது கல்குட்டையில் குளிக்கிற ஐடியா மட்டும் வேண்டவே வேண்டாம். ஆழம் தெரியாமல் இறங்கி உயிரை விட்ட பசங்க நிறைய.