குண்டுப் பையன் என்றால் திருடித்தான் தின்பானா?



நான் ஆறாம் வகுப்பு படித்தபோது நடந்தது இது. ஆசிரியை ஒரு கதையை உரக்க வாசித்துக் கொண்டிருந்தார். கதையில் ஒரு குண்டுப் பையன் வந்தான். அடுத்தவர் பலகாரத்தைத் திருடித் தின்றான். ஓட முடியாமல் சேற்றில் விழுந்தான். வகுப்பே சிரித்தது. சிரித்துக்கொண்டே எல்லாரும் திரும்பி மூன்றாவது பெஞ்சைப் பார்த்தோம்.

அங்கே உட்கார்ந்திருந்த நண்பன் யாருடைய பலகாரத்தையும் தொட்டதில்லை. எங்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவனே அவன்தான். அன்று மதியம் அவன் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. மறுநாள் முதல், கதையில் வந்த பையனின் பெயரே அவனுக்குப் பட்டப்பெயர் ஆகிவிட்டது. அப்படிக் கூப்பிட்டவர்களில் நானும் ஒருவன்.

கதை எழுதியவருக்கு என் நண்பனைத் தெரியாது. ஆனாலும், அவனை எப்படிப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அந்தக் கதைதான், இல்லையா?

உங்களில் பலர் 'சார்லி அண்ட் தி சாக்லேட் ஃபேக்டரி' வாசித்திருப்பீர்கள். ரோல்ட் தால் எழுதி 1964ல் வெளிவந்த புத்தகம். சாக்லேட் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க ஐந்து குழந்தைகள் போகிறார்கள். முதலில் மாட்டிக்கொள்பவன் அகஸ்டஸ் குளூப். சாக்லேட் ஆற்றில் குனிந்து குடிக்கும்போது உள்ளே விழுந்து, கண்ணாடிக் குழாயில் உறிஞ்சப்படுகிறான். கடைசியில் குழாயில் நசுங்கி, ஒல்லியாக வெளியே வருகிறான்! ஏழை வீட்டு நல்ல பையன் சார்லியோ பசியால் மெலிந்தவன். நல்லவன் ஒல்லி, பேராசைக்காரன் குண்டு. உடம்பைச் சொன்னதுமே குணத்தையும் சொல்லி முடித்தாகிவிட்டது.

2023ல் இந்தப் புத்தகத்தின் புதிய பதிப்புகளில், 'குண்டு' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லை எடுத்துவிட்டு, 'மிகப் பெரிய' என்ற பொருள் தரும் சொல்லைப் பதிப்பகத்தார் போட்டிருப்பது செய்தியானது. எழுத்தாளர் எழுதியதை எப்படி மாற்றலாம் என்று பெரிய சர்ச்சை கிளம்பியது. பழைய வடிவத்தையும் தொடர்ந்து வெளியிடுவோம் என்று அந்த மாதமே அறிவித்தார்கள். எனக்கு என்னவோ, சொல்லை மாற்றியதால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை என்றே தோன்றுகிறது. அகஸ்டஸ் இப்போதும் அதே ஆற்றில்தானே விழுகிறான்?

ஹாரி பாட்டரின் முதல் புத்தகத்தை (1997) எடுத்துக்கொள்ளுங்கள். ஹாரியின் பெரியப்பா மகன்... இல்லை, பெரியம்மா மகன் டட்லி. அவனுக்குப் பன்றி வால் முளைக்கிற காட்சி நினைவிருக்கிறதா? படத்தில், ஹாரியின் கேக்கை அவன் தின்றுகொண்டிருக்கும்போது வால் முளைக்கும். புத்தகத்தில் அப்படி இல்லை. டம்பிள்டோரைத் திட்டியவர் டட்லியின் அப்பா. கோபம் வந்த ஹாக்ரிட், தண்டனை கொடுப்பது மகனுக்கு! டட்லி நல்லவன் என்று நான் சொல்ல வரவில்லை. ஹாரியை அடித்து விரட்டுகிற முரடன் அவன். அதற்காகத் திட்டினால் நியாயம். அவன் உருவத்தைப் பன்றியோடு ஒப்பிட்டு நம்மைச் சிரிக்க வைக்கும்போதுதான் உறுத்துகிறது.

சரி, குண்டு என்ற சொல்லே கெட்டதா? அங்கேதான் எனக்குப் பிடித்த ஒருவன் வருகிறான். எனிட் பிளைட்டன் 1943 முதல் 1961 வரை எழுதிய பதினைந்து துப்பறியும் கதைகளின் நாயகன் அவன். பெயர் ஃப்ரெடெரிக் அல்ஜெர்னான் டிராட்டவில். பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் ஆங்கிலத்தில் 'ஃபேட்' என்று வருவதால், நண்பர்கள் 'ஃபேட்டி' என்றே கூப்பிடுகிறார்கள். இந்தக் காலத்தில் யாரும் அப்படிப் பெயர் வைக்க யோசிப்பார்கள், யோசிக்கவும் வேண்டும். ஆனால், அந்தக் கதைகளில் மூளை அவனுடையது! மாறுவேடம் போடுவான், குரலை மாற்றிப் பேசுவான், பூட்டிய அறையிலிருந்து வெளியே வருவான். ஒரு கதையில், கண்காட்சியில் இருக்கும் நெப்போலியன் மெழுகுச் சிலையின் உடையைப் போட்டுக்கொண்டு, சிலையாகவே நின்று திருடர்களின் பேச்சைக் கேட்கிறான். நிறையச் சாப்பிடுவான், கொஞ்சம் பெருமையும் அடித்துக்கொள்வான். அதற்காக அவனை யாரும் ஆற்றில் தள்ளிவிடுவதில்லை. குழப்பம் வந்தால் எல்லாரும் அவன் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.

ஒல்லிப் பிள்ளைகளும் தப்பிவிடவில்லை. ஓமக்குச்சி, ஒல்லிப்பிச்சான் என்று எத்தனை பெயர்கள்! ஒருவர் உடம்பு இப்படி இருக்க, அப்பா அம்மாவிடமிருந்து வந்த வாகு, வளரும் வயது, சாப்பாடு, தூக்கம், சிலருக்குச் சாப்பிடும் மருந்து என்று எத்தனையோ காரணங்கள். டாக்டர்கூட எடை, உயரம் பார்த்து, நாலு கேள்வி கேட்ட பிறகுதான் எதையும் சொல்வார். கதைக்காரர்கள் மட்டும் ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள்.

ஆகவே செல்லங்களே, அடுத்த கதையில் ஒரு குண்டுப் பையனோ பெண்ணோ வந்தால், ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அந்த உடம்பைக் கதையில் எதற்காக வைத்திருக்கிறார்கள்? சிரிக்கவா, கெட்டவர் என்று காட்டவா, அல்லது நம் தெருவில் இருப்பது போல அவரும் சும்மா அப்படி இருக்கிறாரா?

மூன்றாவது வகைக் கதை ஏதாவது உங்களுக்குத் தெரிந்தால், பெயரை எழுதி அனுப்புங்கள். கிடைக்கவில்லையா? நீங்களே ஒன்று எழுதுங்கள். அந்த மூன்றாவது பெஞ்சுக்காரனுக்கு வாசிக்கக் கொடுக்க வேண்டும், இப்போதும் பேசிக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்