பளீர் வெள்ளைக் காகிதத்தை நம்பலாமா?

தாத்தா, பாட்டியின் கல்யாணப் படம் இன்னும் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. பேரன் கல்யாணத்தில் எடுத்த ஆயிரம் படங்களோ போனுக்குள் கிடக்கின்றன. அதில் பிடித்த நாலைந்தைக் கறுப்பு வெள்ளையில் பிரின்ட் போடலாம் என்று கடைக்குப் போனால், 'என்ன சைஸ்? க்ளாஸியா, மேட்டா?' என்பார்கள். காகிதம் எதனால் செய்தது என்று யாரும் பேசுவதில்லை. பேச வேண்டியது அதைத்தான்.

ஏன் அது முக்கியம்?

வழக்கமான இங்க்ஜெட் போட்டோ பிரின்டரில் வெள்ளை மை கிடையாது. மாப்பிள்ளையின் வேட்டி படத்தில் வெள்ளையாகத் தெரிகிறதென்றால், அது காகிதத்தின் வெள்ளை. காகிதம் மஞ்சளித்தால் வேட்டியும் மஞ்சளிக்கும். கலர் படத்தில் இது ஓரளவு கண்ணுக்குத் தப்பிவிடும். கறுப்பு வெள்ளையில் தப்பாது.

மரக்கூழா, பருத்தியா?

பழைய செய்தித்தாள் மஞ்சளாவதற்கு மரக்கூழில் இருக்கும் லிக்னின் முக்கியக் காரணம். ஃபைன் ஆர்ட் காகிதங்கள் பருத்தி இழையிலோ, லிக்னின் நீக்கிய மரக்கூழிலோ தயாராகின்றன. பருத்திக் காகிதம் எப்படி உழைக்கும் என்று பார்க்க பர்ஸைத் திறந்தாலே போதும்: ரூபாய் நோட்டு 100% பருத்திக் காகிதம்தான். ஜெராக்ஸ் தாள் 70-80 ஜிஎஸ்எம் என்றால், இந்தக் காகிதங்களில் பல 300 ஜிஎஸ்எம்மைத் தாண்டும்.

மேட்டா, பரைட்டாவா?

இது ரசனை விஷயம். மேட் காகிதத்தில் பளபளப்பு இல்லை. கறுப்பு கொஞ்சம் மென்மையாக விழும். முகங்களுக்கு அழகு. பரைட்டா காகிதத்தில் பேரியம் சல்பேட் பூச்சு உண்டு, டார்க்ரூம் காலத்து பிரின்ட் காகிதத்தில் இருந்த அதே பூச்சு. இதில் கறுப்பு ஆழமாக இறங்கும். நிழலும் இருட்டும் நிறைந்த படத்துக்கு இதுதான் சரி.

வெளுப்பின் விலை

சில காகிதங்கள் கண்ணைப் பறிக்கும் வெள்ளையாக இருக்கும். சலவைத் தூளில் சேர்ப்பது போன்ற பிரைட்னர்தான் காரணம். அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி நீலமாகத் திருப்பித் தருகிறது. வெளிச்சம் பட்டுப் பட்டு அந்தச் சக்தி குறைந்ததும், காகிதத்தின் உண்மையான நிறம் வெளியே வரும்.

பருத்தி என்று போட்டிருந்தாலே பிரைட்னர் இல்லை என்று அர்த்தமில்லை. ஜெர்மனியின் ஹானமுலே தயாரிக்கும் போட்டோ ராக் 100% பருத்திதான். ஆனாலும் அதில் கொஞ்சம் பிரைட்னர் உண்டு. பிரான்ஸின் கான்சன் தயாரிக்கும் ராக் போட்டோகிராஃபிக்கில் அது இல்லை. சந்தேகமா? கள்ள நோட்டு பார்க்கும் யுவி விளக்கில் காட்டினால் போதும். நீலமாக ஒளிர்ந்தால் பிரைட்னர் இருக்கிறது.

கடையில் என்ன கேட்கலாம்?

காகிதம் பருத்தியா, பிரைட்னர் இருக்கிறதா, மை பிக்மென்ட் வகையா, அந்தக் காகிதத்துக்கான ஐசிசி புரொஃபைல் போட்டு அச்சடிப்பார்களா? இந்த நாலு கேள்வி போதும். பிக்மென்ட் மை பொதுவாக டை மையைவிட நாள்பட நிற்கும்.

செலவு அதிகம்தான். எல்லாப் படத்துக்கும் இது தேவையும் இல்லை. சோதனை பிரின்டுக்கு மலிவான காகிதமே போதும். ஆனால் பேரப்பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்று நினைக்கும் அந்த நாலு படத்துக்கு, கடையில் பளீரென்று தெரிவதை விட்டுவிட்டு, லேசான பால் நிறக் காகிதத்தைக் கையில் எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.