ஓர் ஈடு மாவின் கணக்கு

தொழிற்கல்வி மாணவர்களைச் சில நாள் பேக்கரிக்குப் பயிற்சிக்கு அனுப்பினால் அவர்கள் எதைக் கற்றுத் திரும்ப வேண்டும்? பன் உருட்டப் பழகினால் போதும் என்று பள்ளியும், தட்டு கழுவ ஓர் ஆள் கிடைத்தால் சரி என்று கடையும் நினைத்துவிட்டால் அந்த நாட்கள் வீண். கைப்பக்குவம் சில நாளில் யாருக்கும் வந்துவிடாது. ஆனால் ஒரு தொழில் எப்படி நடக்கிறது என்பதை அதற்குள் முழுதாகப் பார்த்துவிடலாம். நெல் பணமாக மாதங்கள் ஆகும். காலையில் பிரித்த மைதா மூட்டையோ மாலைக்குள் கல்லாவுக்கு வந்துவிடுகிறது. செய்த தவறும் அன்றைக்கே தெரிந்துவிடும்.

பேக்கரிக் கணக்கில் மைதாதான் 100. மற்றவை எல்லாம் அதில் இத்தனை விழுக்காடு என்றே அளக்கப்படும். 10 கிலோ மைதாவுக்கு 6 லிட்டர் தண்ணீர், 400 கிராம் சர்க்கரை, ஈஸ்ட், உப்பு, கொழுப்பு தலா 200 கிராம் என்று வைத்தால் பிசைந்த மாவு 17 கிலோ. ஓவனில் நீர் ஆவியாகி, எடையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறையும். எனவே 400 கிராம் பிரெட்டுக்கு 450 கிராம் மாவு வெட்ட வேண்டும். 37 பிரெட் கிடைக்கும். கை தாராளமாகி 480 கிராம் வெட்டினால் 35தான். குறைத்து வெட்டினாலோ உறையில் அச்சிட்ட எடை பொய்யாகும், அது குற்றம். விழுக்காடு இதைவிடத் தெளிவாக எந்த வகுப்பறையில் விளங்கும்? அடுத்தது ரிட்டர்ன், அதாவது விற்காமல் திரும்பும் சரக்கு. நாளைக்கு எத்தனை போடுவது என்பதை மழையும் பள்ளி விடுமுறையும்கூட முடிவு செய்கின்றன. லாபம் பெரும்பாலும் கரைவது இங்கேதான். சட்டமும் இந்த அடுப்படிக்குள் நிற்கிறது. மாவில் சேர்த்துவந்த பொட்டாசியம் புரோமேட்டுக்கு 2016இல் தடை வந்தது. கொழுப்பில் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு 2022இல் வந்தது. கேக்குக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 18இலிருந்து 5 விழுக்காடானது. பிரெட்டுக்கு வரியே இல்லை.

இது குழந்தைத் தொழிலுக்குப் பின்வாசல் ஆகிவிடாதா என்ற அச்சம் நியாயமானது. பதினான்கு முதல் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை செய்யக் கூடாது, தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று சட்டம் சொல்கிறது. பேக்கரியின் கனமான வேலையோ விடியுமுன் நடப்பது. ஜெர்மனியில் 16 வயதானவர்கள் பேக்கரியில் காலை 5 மணிக்கே வேலை தொடங்கலாம். ஆனால் அங்கே பேக்கர் பயிற்சி என்பது ஒப்பந்தமும் ஊதியமும் உள்ள மூன்றாண்டுப் படிப்பு. சில நாள் பார்க்கப் போகும் நம் பிள்ளைகளுக்கு அந்த நேரம் தேவையில்லை. மாலை டீக்கான பன் பகலில்தான் வேகிறது; அதைப் பார்த்தால் போதும். மிக்சரும் ஓவனும் மாஸ்டர் கையிலேயே இருக்கட்டும். கடைக் கணக்கை வெளியாளுக்குக் காட்டுவதா என்ற உரிமையாளரின் தயக்கமும் புரிகிறது. லாபநட்டப் பேரேட்டை யாரும் கேட்கவில்லை. ஓர் ஈடு மாவின் கணக்கே கேட்பது. பள்ளிகள் வருகைச் சான்றிதழோடு நின்றுவிடாமல், மைதாவிலிருந்து ரிட்டர்ன் வரை அந்தக் கணக்கை ஒவ்வொரு மாணவரையும் எழுதித் தரச் சொல்ல வேண்டும்.