இரண்டாவது டிஸ்க்கை எழுப்பிப் பாத்தனீங்களோ?

"பக்கப் இருக்கோ?" எண்டு யாராவது கேட்டால் எங்களிட்ட ஒரு பதில் எப்பவும் தயாராக இருந்தது: "ஓம், சேர்வரில இரண்டு டிஸ்க் போட்டிருக்கு." போன மாரியில் ஒரு நாள் கரண்ட் போய்ப் போய் வந்தது. முதலாவது டிஸ்க் செத்துப்போச்சு. பயப்பிட ஒண்டுமில்லை, இரண்டாவதில் எல்லாம் அப்படியே இருக்குத்தானே எண்டு சேர்வரைத் திரும்பப் போட்டோம். கறுப்புத் திரை. பூட் செய்ய டிஸ்க் எதுவும் இல்லை எண்டு ஒரு வரி.

இரண்டு நாள் மல்லுக்கட்டின பிறகுதான் விசயம் விளங்கியது. ஸ்கான் செய்து வைத்த பழைய சஞ்சிகைகள், ஊர்ப் பெரியாக்களின்ர குரல் பதிவுகள் எல்லாம் இரண்டாவது டிஸ்க்கில் பத்திரமாகத்தான் கிடந்தன. ஆனால் சேர்வரை எழுப்பி விடுகிற சின்னப் பகுதி முதலாவதில் மட்டும்தான் இருந்தது. சாமான் முழுக்க வீட்டுக்குள்ளே, திறப்பு மட்டும் கிணத்துக்குள்ளே எண்ட நிலை.

இது எங்கட அதிர்ஷ்டக் கேடு மட்டுமில்லை. லினக்ஸில் இரண்டு டிஸ்க்குகளை மிரர் செய்யும்போது பைல்கள் இரண்டிலும் எழுதப்படும். ஆனால் பூட் லோடர் பெரும்பாலும் அந்த மிரருக்கு வெளியில்தான் இருக்கும். பழைய முறையில் அது டிஸ்க்கின் தொடக்கத்தில் எழுதப்படுகிறது; புதிய முறையில் ஈ.எப்.ஐ எண்ட தனிப் பிரிவில் இருக்கிறது. நிறுவுகிற ஆள் இரண்டாவது டிஸ்க்கிலும் அதைத் தனியாகப் போடாவிட்டால், அது வெறும் களஞ்சியம்தான்.

பார்க்கிறது பெரிய வேலையில்லை. ஐ.பி.எம்மின் ஏ.ஐ.எக்ஸ் ஓடுகிற யுனிக்ஸ் சேர்வர் எண்டால் 'பூட்லிஸ்ட்' கட்டளை எந்தெந்த டிஸ்க்கில் இருந்து, எந்த ஒழுங்கில் எழும்பும் எண்டு காட்டும். ஒரு பெயர் மட்டும் வந்தால் யோசிக்கவேணும்: 'பொஸ்பூட்' கட்டளையால் இரண்டாவதிலும் பூட் படிமத்தை எழுதி, அந்தப் பட்டியலில் சேர்க்கவேணும். லினக்ஸில் 'எம்டிஸ்டாட்' பைலைத் திறந்தால் மிரர் உயிரோடு இருக்கோ எண்டு தெரியும். இரண்டு 'யூ' எழுத்து வந்தால் இரண்டு டிஸ்க்கும் சுகம். ஆனால் அது பைல்களைப் பற்றிய சேதி மட்டும்தான். பூட் லோடரை வேறாகப் பார்க்கவேணும்.

இதெல்லாம் செய்தாலும் கடைசிச் சோதனை ஒன்றுதான். முதலில் வெளியில் ஒரு டிஸ்க்கில் எல்லாவற்றையும் பிரதி எடுங்கோ. பிறகு சேர்வரை நிப்பாட்டி, முதலாவது டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கோ. எழும்பினால் இருக்கு, எழும்பாட்டி இல்லை. வெளியில் பிரதி வேணும் எண்டு சொல்கிறதுக்கும் காரணம் இருக்கு. ஒரு பைலை நீங்கள் தவறி அழித்தால் மிரர் அதே நொடியில் மற்றதிலும் அழித்துவிடும்.

பெரிய ஆக்களும் இதில் தப்பினதில்லை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியியலாளர் தவறான சேர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். ஐந்து விதமான பக்கப் ஏற்பாடுகள் இருந்தும் ஒன்றும் சரியாக உதவவில்லை. பக்கப் தோல்வி எண்டு சொல்லவேண்டிய எச்சரிக்கை மின்னஞ்சல்கள்கூட ஒருவருக்கும் போய்ச் சேரவில்லை. ஆறு மணித்தியாலத்துக்கு முதல் ஒருவர் கையால் எடுத்து வைத்த பிரதிதான் காப்பாற்றியது. எங்கட நாட்டிலும் 2023 இல் அரசாங்க மின்னஞ்சல் சேவை கப்பம் கேட்கும் மென்பொருளால் தாக்கப்பட்டது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்துக்குப் பக்கப் இல்லாததால் அந்தக் கடிதங்கள் திரும்பி வரவேயில்லை.

இதை ஏன் இங்கே எழுதுகிறோம்? ஆவணப்படுத்தல் எண்டால் எங்கட தலைமுறைக்கு ஒரு வேகம் வருகிறது. ஸ்கானர் வாங்குகிறோம், ஊர் ஊராகப் போகிறோம், படம் எடுத்துப் போடுகிறோம். ஒவ்வொரு ஜூன் மாதமும் 1981 இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தை நினைத்து எழுதுகிறோம். ஆனால் எங்கட சேர்வரின்ர இரண்டாவது டிஸ்க்கை ஒருக்காலும் எழுப்பிப் பார்த்ததில்லை. சேர்க்கிற வேலைக்குக் கைதட்டல் கிடைக்கும். சோதிக்கிற வேலையை ஒருவரும் காணமாட்டினம். அதனால்தான் அதை ஒருவரும் செய்கிறதில்லை.

இன்னொன்றும் இருக்கு. அந்தச் சேர்வரை நிறுவின அண்ணா இப்ப கனடாவில். அவரைத் தவிர அதன் உள்விசயம் தெரிந்த ஆள் எங்களுக்குள் இருக்கேல்லை. அங்கே இராவிருட்டியில் அவரை எழுப்பித்தான் கடவுச்சொல்லே வாங்கினோம். அப்பதான் உறைத்தது: எங்கட கூட்டத்துக்கும் ஒரே ஒரு பூட் டிஸ்க்தான் இருந்திருக்கு, அதுவும் பிளேன் ஏறிப் போயிட்டுது. ஆக்கள் வெளிக்கிட்டுக்கொண்டே இருக்கிற இடத்தில் எதையும் ஒரு ஆளின்ர தலைக்குள் மட்டும் வைத்திருக்கக்கூடாது.

இப்ப நாங்கள் மூன்று மாதத்துக்கு ஒருக்கால் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கியிருக்கிறோம். முதல் டிஸ்க்கைக் கழற்றி, இரண்டாவதில் எழுப்பிப் பார்க்கிறோம். ஒவ்வொரு முறையும் வேறொருவர் செய்யவேணும், செய்ததைக் கொப்பியில் தமிழில் எழுதி வைக்கவேணும். போன முறை செய்தது கூட்டத்துக்குப் புதிதாக வந்த தங்கச்சி ஒராள். பதினைந்து நிமிசம் எடுத்தது. சேர்வர் எழும்பிச்சு.

உங்கட வாசிகசாலை, சனசமூக நிலையம், பழைய மாணவர் சங்கம், எங்கேயாவது ஒரு சேர்வர் ஓடிக்கொண்டிருந்தால் இந்தக் கிழமையே போய்க் கேளுங்கோ. "பக்கப் இருக்கோ?" எண்டு கேட்கவேண்டாம், எல்லாரும் ஓமெண்டுதான் சொல்லுவினம். "கடைசியா எப்ப எழுப்பிப் பாத்தனீங்கள்?" எண்டு கேளுங்கோ.