முதலில் அவரிடம் சொல்லுங்கள்

ஸ்கேனும் பயாப்சியும் முடிந்து ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நம் வீடுகளில் எடுக்கப்படும் முதல் முடிவு, அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்பதுதான். மகன் டாக்டர் அறைக்குள் தனியாகப் போய், “சாதாரணக் கட்டின்னு மட்டும் சொல்லுங்க சார், அம்மா தாங்க மாட்டாங்க” என்று கெஞ்சுகிறான். ஃபைல் மருமகளின் பையில் ஒளிந்துகொள்கிறது. பாசத்தில் செய்வதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சினைப்பைப் புற்றுநோய் வந்த பெண்ணைத் தன் வீட்டுக்குள்ளேயே தனியாளாக்கிவிடுவது இந்த மறைப்புதான்.

என் பெரியம்மாவிடம் இப்படித்தான் மறைத்தார்கள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியும். புற்றுநோய்ப் பிரிவு என்று வாசலிலேயே பலகை இருந்தது. மருந்து ஏற்றும் அறையில் பக்கத்துப் படுக்கைக்காரர் வெகு இயல்பாக, “உங்களுக்கு இது எத்தனாவது கீமோ?” என்று கேட்டார். அன்றே பெரியம்மாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தனக்குத் தெரியாது என்று பிள்ளைகள் நம்பியதால், தெரியாதவராகவே நடமாடினார். பகலில் அவருக்காக அவர்கள் சிரித்தார்கள், அவர்களுக்காக அவர் சிரித்தார். இரவில் ஆளுக்கொரு அறையில் அழுதார்கள். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது என்னிடம்தான் கேட்டார்: “ஏன்டி, முடியெல்லாம் கொட்டிருமா? பாப்பா காதுகுத்துக்கு நான் போகலாமா?” சாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவரிடம் இருந்ததெல்லாம் இந்தக் கேள்விகள்தாம். கேட்க ஆளில்லாமல் உள்ளேயே வைத்திருந்தார்.

தெரிந்த பிறகு வருவது குற்றவுணர்ச்சி. வயிறு உப்பிக்கொண்டே இருந்தது, இரண்டு வாய் சாப்பிட்டதும் நிறைந்துவிட்டது, அடிக்கடி சிறுநீர் போக வேண்டியிருந்தது. வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டு இருந்துவிட்டேனே என்று மனம் அடித்துக்கொள்ளும். இந்த நோயின் அறிகுறிகளே அப்படித்தான். டாக்டர்களே அல்சர் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்புவதுண்டு. பெரும்பாலானோருக்கு நோய் வயிற்றுக்குள் பரவிய பிறகே தெரியவருகிறது. பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு ஆண்டுதோறும் சிஏ-125 ரத்தப் பரிசோதனை, இன்னொரு பிரிவினருக்கு ஸ்கேன், மற்றவர்களுக்கு எதுவுமில்லை. 2021இல் வந்த முடிவு: இப்படிச் சோதித்ததால் இந்த நோயால் இறப்பவர்கள் குறையவில்லை. அவ்வளவு பெரிய ஏற்பாட்டால் முடியாததை, நாலு வேலைக்கு நடுவே நீங்கள் செய்திருக்க வேண்டும் என்று உங்களை நீங்களே ஏசிக்கொள்வதில் துளியும் நியாயமில்லை. (வாரக்கணக்கில் உப்பல் நீடித்தால் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். அது வேறு பேச்சு.)

அப்புறம் நள்ளிரவில் கைப்பேசியைத் திறந்து, மூன்றாம் ஸ்டேஜ் என்றால் எத்தனை வருஷம் என்று தேடுவது. தேடாதீர்கள் என்றால் யார் கேட்பார்கள்? ஸ்டீஃபன் ஜே கூல்டு என்ற அமெரிக்க விஞ்ஞானியும் தேடினார். 1982இல் அவருக்கு வயிற்றின் உள்ளுறையில் மீசோதீலியோமா என்னும் அரிய புற்றுநோய். நூலகத்தில் அவர் பார்த்த கணக்கு, நோயாளிகளின் இடைநிலை ஆயுள் எட்டு மாதம் என்றது. அப்படியென்றால் பாதிப் பேர் எட்டு மாதத்தைத் தாண்டுகிறார்கள், அதில் சிலர் வெகுதூரம் போகிறார்கள் என்று நிதானமாக யோசித்துக் கட்டுரையும் எழுதினார். 2002 வரை வாழ்ந்தார். எல்லோருக்கும் இருபது வருஷம் உண்டு என்று சொல்ல நான் வரவில்லை. பொய் ஆறுதல் எனக்குப் பிடிக்காது. பல பேரைக் கூட்டிப் போட்ட கணக்கு ஒருத்தியின் ஜாதகம் ஆகாது, அவ்வளவுதான்.

‘பம்பாய்’ படத்தில் நாம் பார்த்த மனீஷா கொய்ராலாவுக்கு 2012இல் சினைப்பைப் புற்றுநோய். நியூயார்க்கில் சிகிச்சை பெற்றார். அந்த வசதி நம்மில் எத்தனை பேருக்கு வாய்க்கும்? ஆனால் தன் நோயைப் பெயர் சொல்லிப் பேசினார், பயந்ததையும் பேசினார், 2018இல் புத்தகமாகவும் எழுதினார். பயந்தேன் என்று ஒருவர் வெளிப்படையாகச் சொல்வது, பார்க்க வருகிறவர்கள் சொல்லிவிட்டுப் போகும் “தைரியமா இருங்க, அழக் கூடாது” என்பதைவிட எவ்வளவோ மேல். அழட்டுமே. அழுவதால் எந்தக் கட்டியும் பெரிதாவதில்லை. பக்கத்தில் ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும்.

கூட இருக்கிறவர்களுக்கு வேலை நிறைய உண்டு. டாக்டர் சொல்வதில் பாதி அந்த நேரத்தில் காதில் ஏறாது. ஒருவர் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஆபரேஷன் முதலிலா கீமோ முதலிலா, ஏன் என்று கேளுங்கள். பெரும்பாலும் கார்போபிளாட்டின், பாக்லிடாக்செல் என்ற இரண்டு மருந்துகள், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஆறு முறை வரை ஏற்றுகிறார்கள். முதல் முறைதான் அச்சம் அதிகம். எந்த நாள் அசதி, எந்த நாளிலிருந்து சோறு இறங்கும் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், நல்ல நாள்களில் கோயிலுக்கோ காதுகுத்துக்கோ போய்வரத் திட்டமிடலாம். மாதவிடாய் நிற்காத வயதில் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், உடம்பு திகுதிகுவென்று எரியும், தூக்கம் போகும், எரிச்சல் வரும். அதைக் குணம் மாறிவிட்டது என்று பேசாதீர்கள். அதற்கும் மருத்துவம் உண்டு. மனநல ஆலோசகர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு?

எல்லாவற்றையும்விட வலிக்கும் கேள்வி கடைசியில்தான் வரும்: “என் பொண்ணுக்கும் வருமா?” சிலருக்கு இந்த நோய், பிஆர்சிஏ என்னும் மரபணுக்களில் உள்ள பிறழ்வால் வருகிறது. அது தாய் வழியாகவும் வரலாம், தந்தை வழியாகவும் வரலாம், மகனுக்கும் போகலாம். மரபணுச் சோதனையில் தெரிந்துவிடும், அதை வைத்துச் சிகிச்சையிலும் சில மருந்துகளை முடிவு செய்கிறார்கள். அதனால் அந்தக் கேள்வி வரும்போது, “சும்மா இரும்மா, அதெல்லாம் வராது” என்று அவர் வாயை அடைக்காதீர்கள். அடுத்த முறை டாக்டரிடம் கேட்க வேண்டியவற்றில் அதையும் அவர் கண்முன்னாலேயே நோட்டில் எழுதுங்கள்.