மூலம் இருக்கிறது, உரை எங்கே?

1894இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த புறநானூற்றில் முதல் 266 பாடல்களுக்கே பழைய உரை உண்டு. அதற்குப் பின் மூலம் மட்டுமே நமக்குத் துணை. பல இடங்களில் ஊகித்தே பொருள் கொள்கிறோம்.

இதே இழப்பு இன்று கணினி நிரலுக்கும் நேர்கிறது. 2011இல் ஜோஹோ நிறுவனம் தென்காசியை அடுத்த மத்தளம்பாறைக்கு வந்தபின், நிரல் எழுதுவது நம் சுரண்டைப் பக்கத்து இளைஞர்க்கும் எட்டும் தொழிலாயிற்று. இப்போது உலகெங்கும் நிரலாளர் பலர் செயற்கை நுண்ணறிவோடு உரையாடியே நிரல் எழுதுகின்றனர். எதைக் கேட்டார்கள், எந்த வழியை ஏன் தள்ளினார்கள் என்பதெல்லாம் அந்த உரையாடலில்தான் இருக்கிறது. நிரல் களஞ்சியத்தில் சேர்கிறது. உரையாடலோ பெரும்பாலும் சேர்வதில்லை. ரசீது எண் இரட்டிக்காமலிருக்கச் சேர்த்த ஒரு வரியை, ஐந்தாண்டு கழித்து வருபவர் வீண் என்று நீக்கிவிடக்கூடும்.

‘காரணத்தையும் அக்கருவியிடமே கேட்கலாமே’ என்பர் சிலர். கேட்கலாம், சரளமாகவே விடை வரும். ஆனால் அது நிரலைப் பார்த்துப் பிற்காலத்தில் எழுதும் உரை. அன்று முடிவெடுத்தவர் கருதிய காரணம் அன்று. நம் உரையாசிரியர்களோ ‘என்பாரும் உளர்’ என்று, தாம் ஏற்காத கருத்தையும் பதிந்து வைத்தார்கள்.

உரையாடல் முழுவதையும் சேர்த்து வைத்தால் அது குப்பையாகும். கேட்டது, விலக்கியது, விலக்கிய காரணம் என மூன்று வரிகளை, ஒவ்வொரு மாற்றத்தோடும் கிட் குறிப்பிலேயே எழுதி வைத்தால் போதும். எழுதுபவர் மனிதராக இருக்கட்டும் என்பதே நம் கருத்து.