மேடை சுமத்திய கூன்

நாடகத்தில் வரலாற்றைத் தேடலாமா? கவிஞனுக்குக் கற்பனை உரிமை கிடையாதா? சேக்ஸ்பியரின் 'மூன்றாம் றிச்சர்ட்' பற்றி நான் வாய்திறக்கும் போதெல்லாம் இலக்கிய அன்பர்கள் எழுப்பும் கேள்விகள் இவை. உரிமை தாராளமாக உண்டு. அந்த உரிமையால் இலாபமடைந்தவர் யார் என்று கேட்கும் உரிமை எமக்கும் உண்டல்லவா?

இத்துன்பியல் நாடகத்தில் றிச்சர்ட் கூனன், சூம்பிய கையன், தமையன் கிளாரன்ஸைச் சூழ்ச்சியால் சிறையிலிட்டுக் கொல்விப்பவன். வரலாறோ வேறு சொல்கிறது. 1478 இல் கிளாரன்ஸ் மீது நாடாளுமன்றத்தில் குற்றஞ்சுமத்திச் சாவுக்கு அனுப்பியவர் மூத்த தமையனான மன்னர் நான்காம் எட்வேர்ட். அரண்மனையில் நின்று சாபமிடும் மார்கரெட் அரசியோ, எட்வேர்ட் மரணமடைவதற்கு முந்திய ஆண்டான 1482 இலேயே பிரான்சில் இறந்துவிட்டார்!

2012 இல் லெஸ்ரர் நகர வாகனத் தரிப்பிடமொன்றின் அடியில் றிச்சர்டின் எலும்புக்கூடு அகழ்ந்தெடுக்கப்பட்டது. மரபணுச் சோதனையும் அதனை உறுதிசெய்தது. முள்ளந்தண்டு பக்கவாட்டில் வளைந்திருந்தது. அதனால் ஒரு தோள் உயர்ந்திருக்கும். ஆனால் முதுகிற் கூனில்லை, கை சூம்பவுமில்லை.

அப்படியாயின் கூன் எங்கிருந்து வந்தது? 1485 இல் பொஸ்வேர்த் களத்தில் றிச்சர்டை வீழ்த்தி முடிசூடியவர் ஏழாம் ஹென்றி. அவருடைய பேத்தி முதலாம் எலிசபெத்தின் ஆட்சியில் எழுதப்பட்டதே இந்நாடகம். சேக்ஸ்பியருக்குக் கிடைத்த வரலாறும் அந்த ரியூடர் வம்சத்தின் நிழலில் எழுதப்பட்டதே. வென்றவன் வீட்டுத் திண்ணையில் இருந்து தோற்றவன் கதையை எழுதினால் வேறென்ன வரும்?

றிச்சர்டை உத்தமராக்குவது என் நோக்கமன்று. 1483 இல் தமையனின் மைந்தர் இருவரும் லண்டன் கோபுரத்தில் அவருடைய பொறுப்பில் இருந்தபோதே காணாமற்போயினர். காவலில் இருந்தோர் காணாமற்போனால் காவல் வைத்தவனே பதிலளிக்க வேண்டும். இதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆயினும் ஐயம் வேறு, நிரூபணம் வேறு. செய்தி எழுதுபவனுக்கு இதுவே அரிச்சுவடி. செய்த குற்றத்துக்குப் பதில் கேட்பதற்காகச் செய்யாத குற்றங்களையும் ஒருவன் தலையில் கட்டுவது நீதியாகுமா?

1484 இல் றிச்சர்டின் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. குற்றஞ்சாட்டப்பட்டவனுக்குப் பிணை வழங்கலாம். குற்றம் நிரூபிக்கப்படும் வரை அவன் உடைமைகளைப் பறிக்கலாகாது என்றது அச்சட்டம். அதை இயற்றிய மன்னருக்கு நானூறு ஆண்டுகளாக மேடையில் அந்தச் சலுகை கிட்டவில்லை. நாடகத்தைத் தாராளமாக இரசியுங்கள். தீர்ப்பை மட்டும் அரங்க வாசலிலேயே விட்டுவிட்டு வீடு செல்லுங்கள்.